வரிகளுக்கு நடுவே பஸ்மியா

புத்தகக் கட்டு விடியற்காலை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கயிற்றை அறுத்து, பழுப்புத் தாளைக் கிழித்து, முதல் ஆளாகப் புத்தகத்தைக் கையில் எடுத்தது கவிஞர் இல்லை, கவிஞரின் மனைவி பஸ்மியா. கவிஞர் அந்த நேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று தாடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பின்னேரம் திருகோணமலை டவுனில் அவருடைய நூல் வெளியீடு. முகம் முக்கியம்.

கவிஞர் என்றால் சும்மா கவிஞர் இல்லை, ‘துறைமுகக் கவி’ இன்பாஸ். அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அவரேதான் கொடுத்துக்கொண்டார். கிண்ணியாவில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஆணியும் கம்பியும் பெயின்ற்றும் விற்கிற நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் கவியரங்கம்தான். மூதூரில் மேடை என்றாலும் போவார், கப்பல்துறையில் மேடை என்றாலும் போவார். மேடையே இல்லை என்றாலும் நாலு பேர் நிற்கிற இடமாகப் பார்த்துத் தொண்டையைச் செருமுவார்.

கவியரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை சனம் கேட்பதற்கு, இரண்டாம் தடவை சனம் கைதட்டுவதற்கு. இருபது வருசமாக இப்படிச் சொல்லிச் சொல்லி, மனுசனுக்கு அது இரத்தத்தில் ஊறிப்போனது. வீட்டில் தேத்தண்ணி கேட்டாலும் இரண்டு தடவைதான் கேட்பார். “தேத்தண்ணி ஒண்டு ஊத்துங்க... தேத்தண்ணி ஒண்டு ஊத்துங்க.” கைதட்டல் வராது, தேத்தண்ணி மட்டும் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்பாஸின் கையெழுத்து இன்பாஸுக்கே விளங்காது. ஆகவே அவர் கவிதையை எழுதுவதில்லை, சொல்லுவார். ஃபோனில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குசினிக்கும் பின்வாசலுக்கும் இடையில் நடந்து நடந்து சொல்லுவார். ஏன் குசினியில் என்று கேட்டால், அங்கேதான் கடற்காற்று வருகிறதாம். குசினியில் பஸ்மியா இருப்பாள். அவள் கவிதை கேட்க இருப்பவள் இல்லை, சோறு ஆக்க இருப்பவள். அவர் கவிதை சொல்லுவார், அவள் சொல்ல வேண்டியதை அவள் சொல்லுவாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டதாகச் சாட்சி கிடையாது.

அந்த ஒலிப்பதிவுகளைத்தான் டவுனில் உள்ள அச்சகத்துக்கு அனுப்பினார். அங்கே தட்டச்சு செய்கிற ஷிஃபானாவிடம் கறாராகச் சொல்லியிருந்தார். “தங்கச்சி, காதில கேட்டத அப்பிடியே அடிங்க. ஒரு சொல் விடுபட்டாலும் எனக்குப் பொல்லாத கோவம் வரும்.” ஷிஃபானா நல்ல பிள்ளை, சொன்னபடி செய்கிற பிள்ளை. பிழை பார்த்து ஒப்புநோக்கவும் வட்ஸ்அப்பில் அனுப்பித்தான் வைத்தாள். இன்பாஸ் அட்டையைப் பார்த்தார். அட்டையில் இருந்த தன் படத்தைப் பார்த்தார். படத்தை மாற்றச் சொன்னார், மாற்றினதைப் பழையபடி ஆக்கச் சொன்னார். உள்ளே பார்க்கவில்லை. “உள்ளுக்க என்ட கவிததானே கிடக்கு” என்று விட்டுவிட்டார்.

பஸ்மியா புத்தகத்தை விரித்தாள்.

*கடலே! என் உள்ளத்தின் கண்ணாடியே!*
*மீன வாங்கின ஆள்தான் வெட்டித் தரணும், சொல்லிட்டன்.*
*கடலே! என் உள்ளத்தின் கண்ணாடியே!*

பஸ்மியா கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

*தென்றலே! என் தேன்மொழித் தூதே!*
*கேஸ் முடியப் போகுது, கடைக்குப் போனா எடுத்திட்டு வாங்க.*
*தென்றலே! என் தேன்மொழித் தூதே!*

அதற்கடுத்த பக்கம்:

*கலங்கரை விளக்கே! காலத்தின் கண்ணே!*
*ஹோல் லைட்ட நிப்பாட்டிட்டு வாங்க.*
*கலங்கரை விளக்கே! காலத்தின் கண்ணே!*

“யா அல்லாஹ்!” என்று பஸ்மியா நிலத்தில் குந்திவிட்டாள். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, மேடையில் புத்தகத்தை எடைபோட்டு நயவுரை செய்ய வருகிறவரின் பெயர் நினைவுக்கு வந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

நயவுரை சோமசேகரம் சேர். பாலையூற்றில் இருக்கிறார். உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒரு கவிதையைக் கையில் எடுத்தாரென்றால் முள் வேறு சதை வேறாக்கித்தான் கீழே வைப்பார். போன வருசம் ஒரு புத்தகத்தை மேடையிலேயே தூக்கிக் காட்டி, “தாள் நல்ல தாள்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் நயவுரை. அந்தக் கவிஞர் இப்போது கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்.

அது தெரிந்தும் இன்பாஸ் அவரைத்தான் கேட்டார். கேட்டுவிட்டு வந்து, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து ஒரு சத்தியமும் பண்ணினார். “சேர் இது கவித இல்ல எண்டு சொன்னாரெண்டா, நான் இனி வாய் திறக்க மாட்டன். வாய் திறக்க மாட்டன்.” அன்றைக்கு பஸ்மியா, “அல்ஹம்துலில்லாஹ், காதுக்கு ஓய்வு” என்று சொல்லிக்கொண்டு குழம்பு ஊற்றினாள். ஆனால் இந்த மனுசன் சொன்னால் செய்கிற ஆள். சிகரெட்டையும் இப்படித்தான் ஒரே சொல்லில் விட்டவர். இப்போது அந்தச் சத்தியம் அவளுக்கு விளையாட்டாகத் தெரியவில்லை. அவர் வாய் திறக்காத வீடு எப்படி இருக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

சொல்லலாமா? அறைக்குள் எட்டிப் பார்த்தாள். புதுச் சேட்டு போட்டு, அத்தர் பூசி, பெருநாள் காலையில் நிற்கிற பிள்ளை மாதிரி மனுசன் நின்றார். சொல்ல வாய் வரவில்லை. கட்டைப் பழையபடி கட்டி, அதன்மேல் இன்னொரு சுற்றுக் கயிறும் போட்டு, கடையின் சின்ன லொறியில் ஏற்றிவிட்டாள்.

“புத்தகத்தக் காட்டு பஸ்மியா, ஒருக்காப் பாப்பம்.”

“மேடையில பாருங்க. இப்ப பிரிச்சா அட்டையில கை அழுக்குப் படும்.”

அட்டை என்றதும் அவர் பேசாமல் வண்டியில் ஏறிவிட்டார்.

மண்டபத்து வாசலில் பஸ்மியாவின் கண் ஒரே ஆளைத்தான் தேடியது. சோமசேகரம் சேர் வெள்ளை வேட்டியில், தேத்தண்ணிக் கோப்பையோடு, டவுன் தெருவில் திரிகிற மான்களில் ஒன்று மதிலோரம் வாழைத்தோல் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சகத்திலிருந்து அவருக்கு முன்னமே ஒரு பிரதி போயிருந்தது. அது அவருடைய கக்கத்தில் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் துண்டுத் தாள்கள் அதிலிருந்து நாக்கை நீட்டின. வாசித்துவிட்டார், வேறென்ன!

“சேர், நான் இன்பாஸ்ட மனிசி. அந்தப் புத்தகத்தில ஒரு பிழை நடந்து போச்சு, அந்த நடுவில வாற வரியெல்லாம்...”

சேர் கையை உயர்த்தினார். “பிள்ளை, ஒண்டும் சொல்லாதேங்கோ. எழுதினவரைப் பற்றியோ, அவற்ற வீட்டைப் பற்றியோ நான் கேக்கிறேல்ல. எனக்குப் புத்தகம்தான் கதைக்கோணும்.”

“சேர், அதான் சொல்றன். அந்தப் புத்தகம் தேவைக்குக் கூடக் கதைக்குது.”

“கதைச்சதை நான் கேட்டிட்டன்” என்று சொல்லிவிட்டு, அவர் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனார். அவருடைய முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க ஏலவில்லை.

கூட்டம் தொடங்கியது. குர்ஆனிலிருந்து கிராஅத் ஓதினார்கள், தமிழ்த்தாய்க்கு வாழ்த்துப் பாடினார்கள், வரவேற்றவர் வரவேற்றுக்கொண்டே இருந்தார். தலைவர் பக்கீர் ஹாஜியார் முதற்பிரதியைப் பெற்றுக்கொண்டு, புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கிண்ணியாப் பாலம் கட்டிய காலத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். அந்த நேரத்தில்தான் மேடையில் இருந்த இன்பாஸ், பொழுது போகாமல், தன் புத்தகத்தைத் திறந்தார்.

பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த பஸ்மியா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் அவர் சிரித்த முகத்தோடு ஒரு பக்கம் பார்த்தார். பிறகு புத்தகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு தூரக் கொண்டுபோனார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நிமிர்ந்து சபைக்குள் தேடி ஷிஃபானாவைப் பார்த்தார். ஒரு சொல்லும் விடாமல் அடித்த பெருமையில் அந்தப் பிள்ளை அவரைப் பார்த்து அழகாகச் சிரித்தது. பிறகு பஸ்மியாவைப் பார்த்தார். ‘உனக்குத் தெரியுமா?’ என்று கண் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அடுத்து நயவுரை” என்றது மைக்.

சோமசேகரம் சேர் எழும்பினார். கண்ணாடியைப் போட்டார். சபை கதிரை நுனிக்கு வந்தது.

“இந்தப் புத்தகத்தை முதல் நாள் வாசித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது” என்று தொடங்கினார். “கடலே, தென்றலே, விளக்கே! எத்தனை பேர் கூப்பிட்ட கடல் இது! கடலுக்கே அலுத்துப்போயிருக்கும். மூடி வைத்துவிட்டேன்.”

இன்பாஸ் கண்ணை மூடிக்கொண்டார். பஸ்மியாவின் கை கைப்பையின் வாரை முறுக்கியது.

“இரண்டாம் நாள்தான் நடுவில் நிற்கிற வரியைக் கவனித்தேன். ஒவ்வொரு பாட்டிலும் மேலே ஒரு வரி, கீழே அதே வரி. நடுவிலே ஒரு பெண். மேல்வரியின் ஓசையைப் பாருங்கள், மோனையும் எதுகையுமாக உயரத்திலே பறக்கிறது. அந்த வரிகளில் யாரும் ஒரு வேலையும் செய்வதில்லை. கடல் கண்ணாடியாக இருக்கிறது, தென்றல் தூதாக இருக்கிறது, விளக்கு கண்ணாக இருக்கிறது. எல்லாரும் சும்மா இருக்கிறார்கள். நடுவரிக்கு வாருங்கள். அங்கே மோனை இல்லை, அலங்காரம் இல்லை. ஆனால் மீன் வெட்ட வேண்டியிருக்கிறது, கேஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, லைட்டை நிற்பாட்ட வேண்டியிருக்கிறது. இந்தப் புத்தகத்தில் வேலை செய்கிற ஒரே ஆள் அவள்தான்.”

பெண்கள் பக்கத்திலிருந்து, “அது சரிதான் சேர்!” என்று ஒரு குரல் வந்தது. மண்டபம் சிரித்தது.

“சிரியுங்கள், அது சிரிக்க வேண்டிய இடம். ஆனால் மூன்றாவது வரியையும் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து முதல் வரிதான். ஆனால் அதே வரி இல்லை. முதல் தடவை அவன் கடலைக் கூப்பிடுகிறான். கடல் பதில் சொல்லவில்லை. அவன் கூப்பிடாத ஒருத்தி பதில் சொல்லுகிறாள். இரண்டாம் தடவை அவன் அதையே சொல்லும்போது, மீன் வெட்ட வேண்டிய ஆளாகச் சொல்லுகிறான். அதே சொல், ஆள் மாறிவிட்டான். காதலைப் பற்றி இந்தக் கவிஞர் எங்கேயும் ஒரு வரி எழுதவில்லை. எழுதாமலே அதன் வடிவத்தை எழுதியிருக்கிறார். உலகத்தையெல்லாம் கூப்பிடுகிற ஒருவன், அவனுக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்லுகிற ஒருத்தி.”

பஸ்மியாவுக்குக் காது சூடாகியது. அவள் அன்றைக்குக் கேட்டது மீன் வெட்டித் தரச் சொல்லித்தான். மீன் சூரை மீன். அதில் இவ்வளவும் கிடந்ததா என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பக்கத்துக் கதிரைக்காரி வேறு முழங்கையால் இடித்தாள்.

“கடைசிக் கவிதை” என்றார் சேர். குரல் இறங்கியது. “இந்தப் புத்தகத்தில் ஆகத் திறமான கவிதை. வாசிக்கிறேன்.”

*நிலவே, இண்டைக்கு நான் ஆக்கின சோறு குழைஞ்சு போச்சு.*
*. . . . . . . . . . . . . . .*
*நிலவே, இண்டைக்கு நான் ஆக்கின சோறு குழைஞ்சு போச்சு.*

“நடுவிலே புள்ளிகள் மட்டும்தான். பெண் இல்லை. எங்கே போனாள் என்று கவிஞர் சொல்லவில்லை. ஆனால் மேல்வரியைப் பாருங்கள். அலங்காரம் போய்விட்டது, மோனை போய்விட்டது. புத்தகம் முழுக்கச் சும்மா இருந்த மனிதன் முதல்முதலாக ஒரு வேலை செய்திருக்கிறான், சோறு ஆக்கியிருக்கிறான். இது அவனுடைய மொழி இல்லை, அவளுடைய மொழி. இவ்வளவு காலமும் கேட்காத மாதிரி இருந்தவன் கேட்டுத்தான் இருந்திருக்கிறான். அவளுடைய மொழி அவனுக்கு வந்துவிட்டது. வந்த நேரத்தில், பதில் சொல்ல அவள் இல்லை. அந்தப் புள்ளிகளுக்கு முன்னால் நான் நெடுநேரம் பயந்துபோய் இருந்தேன்.”

கண்ணாடியைக் கழற்றினார். “இது கவிதை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மண்டபம் கைதட்டியது. பஸ்மியா தட்டவில்லை. பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் செய்து, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் சொன்ன கவிதை அது. மகள் ஆதிலா அவளோடு ஆஸ்பத்திரியில் நின்றாள், இவர் வீட்டில் தனியாக. ஒவ்வொரு நாளும் பிளாஸ்கோடு வந்து கட்டில் விளிம்பில் இருப்பார். “சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க?” என்று கேட்டால், “நல்லா ஆக்கித் தின்றன், நீ ஒண்டுக்கும் யோசியாத” என்பார். நல்லா ஆக்கித் தின்றாராம்! பொய்க்கார மனுசன்.

அடுத்து ஏற்புரை. இன்பாஸ் மைக்குக்கு வந்தார். இருபது வருசமாக அவர் ஏங்கிக் கிடந்த சொல்லை சோமசேகரம் சேர் சபையறியச் சொல்லிவிட்டார். பேசாமல் பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்கினால் போதும், ஒரு குருவிக்கும் தெரியாது. இறங்கட்டும், இறங்கட்டும் என்று பஸ்மியா மனதுக்குள் துடித்தாள்.

“சேர் சொன்னதுக்கு நன்றி” என்றார் இன்பாஸ். “ஆனா... அந்த நடு வரியெல்லாம் என்ட இல்ல. அது என்ட மனிசி குசினியில என்னை ஏசினது. ஃபோன் கேட்டுட்டு இருந்திருக்கு, அச்சகத்துத் தங்கச்சி அதையும் சேத்து அடிச்சிட்டா. சேர் நல்லம் எண்டு சொன்னது அவட வரி. என்ட வரியக் கேட்டு சேருக்கு ஆத்திரம் வந்தது. அப்ப நான் கவிஞன் இல்ல. சத்தியம் பண்ணின மாதிரி, இனி நான் கவித சொல்ல வாய் திறக்க மாட்டன்.”

அவர் மேடை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வரியை ஒரே தடவையில் சொல்லி நிறுத்தினார்.

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. பக்கீர் ஹாஜியார் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். ஷிஃபானா கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பஸ்மியா நிலம் பிளக்காதா என்று பார்த்தாள். பிறகு சனம் மெல்ல அடங்கி சோமசேகரம் சேரைப் பார்த்தது. சேர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“இன்பாஸ், கடைசிக் கவிதையில உங்கட மனிசி ஏதும் சொன்னவவோ?”

“இல்ல சேர். அண்டைக்கு அவ ஆஸ்பத்திரியில.”

“அப்ப அது ஆற்ற கவிதை?”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியை இன்பாஸ் பார்த்தார்.

“என்டதான் சேர்” என்றார் மெதுவாக.

“ஆகத் திறமானது அதெண்டுதான் நான் சொன்னனான். நான் சொன்னதில ஒரு சொல்லும் மாத்தத் தேவையில்ல. எழுதுங்கோ” என்றார் சேர். “கடலைக் கொஞ்ச நாளைக்கு விட்டிடுங்கோ.”

வீட்டுக்குத் திரும்பும்போது லொறியில் இரண்டு பேரும்தான். உட்துறைமுகத்து வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகப் பற்றத் தொடங்கியிருந்தன. பாலம் ஏறும்வரைக்கும் இன்பாஸ் வாய் திறக்கவில்லை. பஸ்மியாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“இஞ்ச, ஆதிலாட வாப்பா.”

“ம்.”

“கடைசிக் கவிதையில, அந்தப் புள்ளி. ஷிஃபானாட்டக் கேட்டன். நீங்க முதல் வரியச் சொல்லிட்டு நெடுநேரம் சத்தமில்லாம நிண்டதாம். ஃபோன் கெட்டுப் போச்சாக்கும் எண்டு அவ நினைச்சாவாம். என்ன செஞ்சிட்டிருந்தீங்க அவ்வளவு நேரம்?”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

“நீ ஏதாவது ஏசுவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்.”

பஸ்மியா யன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் ஒன்றாக அடக்க அவளுக்குத் தெரியவில்லை. பாலம் முடிகிற இடத்தில் அவர் பக்கம் திரும்பினாள்.

“அரிசிக்குத் தண்ணி கூட வெச்சிருப்பீங்க. குழையாம என்ன செய்யும்? இனி அப்பிடியெண்டா நிலவுக்கிட்டச் சொல்லாதீங்க, எனக்கு ஃபோன் எடுங்க.”